நான்காவது திருகு

திருப்புளி என்னுடையதுதான். வீட்டில் தையல் மெஷினுக்கு வைத்திருப்பது. ஃபிளாஸ்க்கில் இன்னும் இரண்டு கோப்பைத் தேநீர் இருக்கிறது, நீங்களும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து கால்கடுக்க நின்றிருப்பீர்கள். எங்கள் பேருந்து ஐந்தரைக்குத்தான் கிளம்பும். அவசரமில்லை.

மூன்று திருகுகள் சொன்னபடி கேட்டு வந்துவிட்டன. நான்காவது கடல் உப்பில் பிடித்துக்கொண்டது. எழுபத்திரண்டு வயதில் மணிக்கட்டில் அவ்வளவுதான் பலம். அதை நெம்பிக்கொண்டிருக்கும்போதுதான் நாயோடு உலாவ வந்த அந்த மனிதர் பார்த்துவிட்டு, ரோந்துப் போலீஸ் என்று உங்களைக் கூட்டி வந்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். செத்தவர்கள் நினைவாகப் போட்ட பெஞ்சில் ஒருத்தி திருப்புளியோடு குனிந்து நின்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

திருடும் எண்ணம் இல்லை. இந்தப் பித்தளைத் தகட்டில் ஒரு தப்பு இருக்கிறது. ஊருக்கு எடுத்துப்போய், கீத்லியில் பந்தயக் கோப்பைகளில் பெயர் வெட்டித்தரும் ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொண்டு, அடுத்த வாரமே ரயிலில் வந்து மாட்டிவிட்டுப் போவதாக இருந்தேன். ஒற்றைத் திருகில் தொங்குகிறதே, அதைத் திருப்பி நீங்களே வாசியுங்கள். "கான்ஸ்டன்ஸ் ஹோல்ராய்ட். 1914–1969. எனக்காகக் காத்திருந்தாள். நெவில்." கான்ஸ்டன்ஸ் என் அக்கா. எங்களுக்குக் கானி. அவள் இறந்தது இந்த வருடம் மார்ச் மாதம். தகட்டில் இருபத்திரண்டு வருடத் தப்பு.

தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா போவது எனக்கு வராது. கம்பளி மில்லில் நாற்பது வருடம் செப்பனிடும் வேலை பார்த்தவள் நான். தறியிலிருந்து வரும் துணியைச் சாய்வு மேசையில் விரித்து, முடிச்சையும் விட்டுப்போன இழையையும் விரலால் தேடிக் கண்டுபிடித்து ஊசியால் சரிசெய்ய வேண்டும். சரியாகச் செய்தால் செய்த இடமே தெரியாது. கானியும் அதே வேலைதான். ஒரே மேசையில் எதிரெதிரே இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தோம். அவள் விரல் என் விரலைவிடக் கெட்டி. மேற்பார்வையாளரைப் பார்த்துப் பேசிக்கொண்டே கை பாட்டுக்கு முடிச்சைப் பிடித்துவிடும். இது பின்னால் வேண்டியிருக்கும், அதனால் சொல்கிறேன்.

நெவில் அவள் மகன். ஒரே மகன்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் முதல் சனிக்கிழமை எங்கள் தேவாலயத்துப் பெண்கள் சங்கம் இந்த ஸ்கார்பரோ கடற்கரைக்கு ஒரு பேருந்து பிடிக்கும். காலையில் வந்து மாலையில் திரும்புவது. 1961இல் நாங்கள் நான்கு பேர் வந்தோம். கானி, அவள் கணவர் ஹெர்பர்ட், நெவில், நான். நெவிலுக்கு இருபது வயது. மில்லில் சேரமாட்டேன், கப்பலுக்குப் போகிறேன் என்று அவன் பேருந்திலேயே ஆரம்பித்துவிட்டான். முன்னிருக்கை பின்னிருக்கை என்று எல்லோருக்கும் கேட்கும்படியாக ஹெர்பர்ட் சொன்னார்.

"என் வீட்டுல தின்னுட்டு எனக்கே பாடம் நடத்தறியா? போ. போனா அப்படியே போயிடு."

ஐந்தரைக்கு ஓட்டுநர் தலை எண்ணினார். ஒரு தலை குறைந்தது. இருபது நிமிடம் காத்திருந்தோம். குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்தார்கள். ஹெர்பர்ட் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வண்டிய எடுப்பா. அவனுக்குக் காலு இருக்கு" என்றார். கானி எழுந்து இறங்கப் போனாள். அவர் அவள் கோட்டின் இடுப்புப் பட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். வழியில் மால்டன் ஊர் தாண்டும்வரை அவள் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நான்கு வருடத்தில் ஹெர்பர்ட் நுரையீரல் கெட்டுப் போய்ச்சேர்ந்தார். நெவிலிடமிருந்து ஒரு வரி கிடையாது. கானி மட்டும் வருடம் தவறாமல் இந்தப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தாள். ஐந்து மணிக்கே பேருந்து நிற்குமிடத்துக்கு வந்து, ஐந்தரைவரை வருகிற போகிற முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பாள். இருக்கை மூன்று பதிவு செய்வாள். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மூன்றாவதில் அவள் கோட்டு.

பக்கத்து வீட்டு பெரில் வருடா வருடம் கேலி செய்வாள். "கானி, உன் கோட்டுக்குத் தனி சீட்டா? எங்க வீட்டுக்காரருக்கே நான் அவ்வளவு மரியாதை குடுக்கறதில்ல."

"போறப்பதான் கோட்டு. வர்றப்ப ஆளு இருக்கும்" என்பாள் கானி.

ஹெர்பர்ட் போனபின் நான் கானியோடு வந்து தங்கினேன். அதற்கு முன் என் வாழ்க்கையைக் கேட்டீர்களானால், அப்பா இருந்தவரை அவரைப் பார்த்துக்கொண்டேன், பிறகு ஒரு வாடகை அறை. ஒரு ஜன்னல் உண்டு, அதற்கு வெளியே ஒரு சுவர். கானி வீட்டில் கணப்புக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி. சந்தைக்குப் போய்விட்டுக் கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து, "மேவிஸ், வந்துட்டியாடி? கால் நனைஞ்சிருக்கா?" என்று ஒரு குரல் வரும். நாற்பத்தாறு வயதுவரை என் கால் நனைந்ததா என்று யாரும் கேட்டதில்லை. இது பெரிய விஷயமா என்று உங்களுக்குத் தோன்றும். உங்களை வீட்டில் யாராவது கேட்பார்கள்.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கானி சொன்னாள். "அவன் ஒரே ஒரு லெட்டர் போடட்டும், எந்த மூலையில இருந்தாலும் சரி, மறுநாளே கெளம்பிடுவேன். சாவிய வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்."

"அப்ப நானு?"

"நீ மறுபடி ஒரு ரூம் பாத்துக்க வேண்டியதுதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். படுக்கை விரிப்பின் ஒரு முனை அவள் கையில், ஒரு முனை என் கையில். நானும் சிரித்தேன்.

கடிதம் 1969 ஜூனில் வந்தது. கானி முடி சுருட்டிக்கொள்ளப் போயிருந்த வெள்ளிக்கிழமை. ஆஸ்திரேலியத் தபால் தலை. பிறர் கடிதத்தைப் பிரிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் கையெழுத்தைப் பார்த்ததும், கெட்ட செய்தியாக இருந்தால் அவள் எப்படித் தாங்குவாள் என்றுதான் பிரித்தேன். கெட்ட செய்தி இல்லை. ஃப்ரீமாண்டிலில் வீடு வாங்கியிருக்கிறானாம், அம்மாவுக்கென்று ஒரு அறை போட்டிருக்கிறானாம். ஆகஸ்டில் அவன் கப்பல் ஹல் துறைமுகத்துக்கு வருகிறது. அப்பா முகத்தில் விழிக்கத் தைரியமில்லை, அதனால் வீட்டுக்கு வரவில்லை. சங்கத்துப் பயணத்தன்று மதியம் இரண்டு மணிக்கு, ஸ்கார்பரோவில் பேருந்து நிற்குமிடத்தில் நிற்பேன், அம்மா வந்தால் என்னை மன்னித்துவிட்டாள் என்று அர்த்தம் என்று எழுதியிருந்தான். ஹெர்பர்ட் செத்ததே அவனுக்குத் தெரியவில்லை.

கடிதத்தை என் இழுப்பறையில் வைத்தேன். கொடுக்கக்கூடாது என்று வைக்கவில்லை. அன்று சாயங்காலம் கொடுக்கலாம் என்றுதான் வைத்தேன். அவள் சுருட்டிய முடியோடு வந்து, "எப்பிடிடி இருக்கு, ஆட்டுக்குட்டி மாதிரி பண்ணிட்டாளா?" என்று கேட்டாள். நன்றாக இருந்தது. அன்று கொடுக்கவில்லை. பிறகு ஜூலை வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை கானியைக் கடற்கரையில் பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் ஒரு துணி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கழிப்பறைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு இங்கே வந்தேன். பேருந்து நிறுத்தம் அப்போது கீழே, அதோ அந்தப் பொம்மைக் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. நெவில் ஏற்கெனவே நின்றிருந்தான். நல்ல உயரம். வெயிலில் கறுத்துப்போன கழுத்து. கையில் ஒரு நீல அட்டைப்பெட்டி.

"சித்தி" என்றான். "அம்மா வரலியா?"

அம்மா உன்னைப் பார்க்க விரும்பவில்லை என்று சொல்வதாகத்தான் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் அது செல்லாது என்று தெரிந்துவிட்டது. கோபமாக இருக்கிறாள் என்றால் வீட்டுக்கு வந்து காலில் விழுவான். ஊரில் இல்லை என்றால் காத்திருப்பான். காத்திருப்பது அந்தக் குடும்பத்து ரத்தத்தில் ஓடுகிறது. மனிதர்கள் எதிர்த்துப் பேசாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். தவிர, பெற்றவள் முகம் பார்க்க மறுத்துவிட்டாள் என்று கேட்பதைவிட இது அவனுக்கு ஆறுதல் என்றும் எனக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"அம்மா போயிட்டாப்பா. மார்ச் மாசம். நெஞ்சுல சளி."

அவன் பக்கத்தில் இருந்த குட்டைச் சுவரில் உட்கார்ந்தான். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான். பிறகு கேட்டான். "ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா சித்தி?"

"இல்ல. தூக்கத்துலயே."

"என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டா. தெனமும் கேட்டா."

அதில் நான் பொய் சொல்லவில்லை. அவன் அழுதான். இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை பட்டப்பகலில், ஐஸ்கிரீம் வாங்க வந்தவர்களுக்கு நடுவில் அழுதான். என் கைக்குட்டையைக் கொடுத்தேன். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டான். கல்லறை என்றால் பார்க்கப் போவானே என்று, "எரிச்சு, சாம்பல இங்கயே கடல்ல கரைச்சாச்சு. அவதான் அப்படிக் கேட்டா" என்றேன். ஹெர்பர்ட் எப்போதோ போய்விட்டதையும் சொல்லி, வீட்டையும் காலி செய்துவிட்டதாகச் சொன்னேன்.

"அப்ப போய் நிக்கறதுக்கு ஒரு எடங்கூட இல்ல" என்றான்.

ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தேன். நீலப் பெட்டியை என்னிடம் தந்தான். "அம்மாவுக்கு வாங்கினது. நீங்க வெச்சுக்குங்க. கடைசிவரைக்கும் அவங்களப் பாத்துக்கிட்டீங்களே" என்று என் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு மூன்று மணி ரயிலுக்குப் போனான். உள்ளே சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை. நான் வைத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கானியிடமே கொடுத்துவிட்டேன். அவளுக்குச் சேரவேண்டியது அவளுக்குச் சேர்ந்தது. "இவ்வளவு நல்லதா எங்கடி புடிச்ச?" என்று கேட்டாள். இருபது குளிர்காலம் அதைத்தான் போர்த்திக்கொண்டாள்.

அன்று ஐந்து மணிக்குக் கானி வழக்கம்போல் வந்து நின்றாள். அந்தக் குட்டைச் சுவருக்குப் பக்கத்தில். அவன் சிகரெட்டுத் துண்டு அங்கேயே கிடந்தது. ஐந்தரைக்கு நான் அவள் முழங்கையைத் தொட்டேன்.

"அடுத்த வருஷம் வருவான்" என்றாள்.

"வருவான்" என்றேன்.

என்னைப் பற்றித் தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு வலிக்கவில்லை என்று சொல்லவில்லை. வலித்தது. ஆனால் வீட்டுக்குத் திரும்பி, அவள் பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்து, "கால நீட்டுடி, இன்னிக்கு ரொம்ப நடந்துட்ட" என்று சொன்னபோது வலி குறைந்துவிட்டது. அதுதான் உண்மை, உண்மையைத்தானே கேட்டீர்கள்.

இந்தப் பெஞ்சை நான் 1971இல் பார்த்தேன். கானி கீழே நின்றிருந்தாள். நான் மேலே இருந்த கடையில் தேநீர் வாங்க ஏறி வந்தேன். நிற்க இடமில்லை என்று சொன்னானே, அந்த இடத்தை அவனே ஏற்பாடு செய்திருந்தான். நகராட்சிக்கு எழுதி, பேருந்து நிறுத்தம் தெரியும்படியான இடமாகப் பார்த்துப் போடச் சொல்லியிருக்கிறான். நல்ல தேக்கு. தகட்டை வாசித்துவிட்டுக் கீழே பார்த்தேன். நேர் கீழே கானியின் தொப்பி தெரிந்தது.

மேலே ஏறினால் அவள் முட்டிக்கு ஆகாது என்று பன்னிரண்டு வருடம் சமாளித்தேன். 1983இல் நிறுத்தத்தை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. பேருந்திலிருந்து இறங்கியதும் பத்தடியில் இந்தப் பெஞ்சு. கானி நேராக வந்து இதில்தான் உட்கார்ந்தாள். தன் பெயரிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு முட்டை சாண்ட்விச்சைப் பிரித்தாள்.

அதற்குள் அவள் கண்ணில் புரை விழுந்திருந்தது. எழுத்து தெரியாது. பளபளப்பு மட்டும் தெரியும்.

"யாரோடதுடி இது? படி."

"லீட்ஸ்காரர். ஆல்பர்ட் டாட்னு பேரு. இந்தக் கடல் அவருக்குப் புடிக்குமாம்."

"பாவம். யாரும் வந்து தொடைக்கறதில்ல போல, எப்படிக் கறுத்துக் கெடக்கு பாரு" என்று சால்வை முனையால் தேய்த்தாள்.

எங்கள் தெருவில் கதவுக் கைப்பிடி மங்கியிருந்தால் அது அந்த வீட்டுப் பெண்ணுக்கு அவமானம். கானி அடுத்த வருடத்திலிருந்து கைப்பையில் பித்தளைப் பாலிஷும் ஒரு துணியும் கொண்டுவர ஆரம்பித்தாள். பேருந்தை விட்டு இறங்கியதும் முதல் வேலை அதுதான். "என்ன ஆல்பர்ட்டு, பனிக்காலம் எப்படிப் போச்சு?" என்று பேசிக்கொண்டே தேய்ப்பாள். எங்கள் பெண்கள் எல்லோரும் ஆல்பர்ட்டுக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். எழுத்து பொடி, கண்ணாடியை எடுத்து மாட்டிக் குனிந்து வாசிக்க யாருக்கும் தோன்றவில்லை, ஆல்பர்ட் என்று நான் சொன்னதே போதுமாக இருந்தது. பெரில்கூட, "ஒரு நாளைக்கு அவரோட பொண்டாட்டி வந்து உன் முடியப் புடிக்கப் போறா பாரு" என்பாள். ஏழு வருடம் அக்கா தன் பெயரைத் தானே துலக்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் ஊற்றினேன்.

கண்புரையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 1985இல் மருத்துவமனையிலிருந்து தேதி குறித்துக் கடிதம் வந்தது. அடுத்த வருடமும் வந்தது. இரண்டும் இழுப்பறையில், நெவிலின் கடிதத்துக்கு மேலே இருக்கின்றன. அவள் வரமாட்டாள், வேறு யாருக்காவது அந்த இடத்தைக் கொடுங்கள் என்று இரண்டு முறையும் போனில் ஒழுங்காகச் சொல்லிவிட்டேன்.

"என்னை மறந்தே போயிட்டாங்க போல" என்றாள் கானி.

"வரிசை நீளம் கானி. வயசுல சின்னவங்களுக்குத்தான் மொதல்ல பண்ணுவாங்க."

"போகட்டும். நான் பாக்கவேண்டிய மூஞ்சி ஒண்ணுதான் பாக்கி. அது கண்ணு இல்லாட்டியும் தெரியும், தொட்டாப் போதும்."

இப்போது போன வருடத்துக்கு வருகிறேன். உப்புக்காற்றில் பாலிஷ் எழுத்துக்குள்ளே வெள்ளையாக உறைந்துவிடும். பெரில் அதைக் கவனித்துச் சொன்னாள். "கானி, உன் ஆளோட பேருக்குள்ள சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு." கானிக்கு அது பொறுக்குமா. ஒரு தீக்குச்சியை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டினாள். குச்சியை விட்டு, விரல் நுனியால் தடவிப் பார்த்தாள், சுத்தமாகிவிட்டதா என்று. அடுத்த எழுத்து. நான் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் விரல் எப்படிப்பட்ட விரல் என்பது எனக்கு மறந்துபோய்விட்டது. இருபத்திரண்டு வருடம் எதிரே உட்கார்ந்து பார்த்தது எப்படி மறந்தது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

முக்கால் மணிநேரம் ஆயிற்று. முதல் வரியில் பாதியிலேயே கை நின்றது. பிறகு மறுபடி ஆரம்பத்திலிருந்து தடவினாள். கடைசியில் நெவில் என்று பெயர் இருக்கிறதே, அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவள் தீக்குச்சியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"முடிஞ்சுது" என்றாள்.

அன்று ஐந்து மணிக்கு அவள் நிற்கவில்லை. நேராகப் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மூன்றாவது இருக்கையிலிருந்து கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "பெரில், உன் பைய இங்க வை. இது காலிதான்" என்றாள். பெரில் என்னைப் பார்த்தாள். அலைச்சல், எழுபத்தாறு வயது, அசதியாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப்பிறகும் வீட்டில் ஒரு சண்டை கிடையாது. என் கால் நனைந்ததா என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

நவம்பரில் பெரிலைக் கூப்பிட்டு ஒரு கடிதம் சொல்லி எழுதவைத்தாள். ஸ்கார்பரோ நகராட்சிக்கு. பெரில் தபால்பெட்டிக்குப் போகக் கிளம்பியபோது மழை. நான் அந்தப் பக்கம்தான் போகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். பிறர் கடிதத்தைப் பிரிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது, அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இழுப்பறையில்தான் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க, கதவில் தபால் விழும் சத்தம் கேட்டால் கானி தலையைத் திருப்புவாள். "எனக்கு ஏதாவது வந்துதா?" என்பாள். "இல்ல" என்பேன். உண்மையிலேயே வரவில்லை.

மார்ச்சில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. சனிக்கிழமையே டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம் என்று பெரில் பிறகு சொன்னாள். கூப்பிட்டிருக்கலாம். காய்ச்சலில் எதையாவது உளறினால் வெளியாட்கள் காதில் விழுமே என்று புதன்கிழமைவரை பார்த்தேன். அந்தப் புதன் பிற்பகல் அவள் கண்ணைத் திறந்து என் கையைத் தேடினாள். கொடுத்தேன். என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"மேவிஸ்."

"சொல்லு கானி."

"அவன் நல்லா இருந்தானாடி?"

யார் என்று நான் கேட்டேன். அவள் என் விரலைப் பிடித்தபடியே காத்திருந்தாள். என் வாழ்நாளில் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த ஒரு முறைதான். உயரமாக இருந்தான், கறுத்திருந்தான், உனக்கு ஒரு அறை போட்டிருந்தான், உன் கழுத்தில் இருக்கிற சால்வை அவன் வாங்கியது என்று எல்லாம் வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் என் கையை விட்டிருப்பாள். "தூங்கு கானி, பேசினா இருமல் வரும்" என்றேன். மறுநாள் விடியும்போது தூக்கத்திலேயே போய்விட்டாள். மார்ச் இருபத்தெட்டு. வீட்டில் இப்போது ரொம்ப அமைதி. அமைதியை நான் இவ்வளவு வெறுப்பேன் என்று நினைக்கவில்லை. கணப்புக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலியையும் அப்படியே போட்டிருக்கிறேன். வெளியே போய்விட்டு வந்தால் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்பேன்.

இந்த வருடமும் மூன்று இருக்கை பதிவு செய்தேன். ஒன்று எனக்கு, ஒன்று என் கோட்டுக்கு, ஒன்றில் அந்தச் சால்வையைச் சுற்றிக் கானியின் சாம்பல். காலையில் இறங்கியதும் கலங்கரை விளக்கத்துச் சுவர்வரை நடந்துபோய்க் கடலில் கரைத்துவிட்டேன். காற்று எதிர்த்து அடித்தது, கொஞ்சம் என் கோட்டில் விழுந்தது, அதை மட்டும் தட்டிவிட மனம் வரவில்லை. பிறகுதான் திருப்புளியோடு இங்கே வந்தேன்.

நெவிலின் முகவரி நகராட்சியில் இருக்கும், அவனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறீர்கள். அது உங்கள் கடமை, நான் தடுக்கமாட்டேன். ஆனால் அவன் வருவதற்குள் அந்த நான்காவது திருகைக் கழற்றி, தகட்டை என்னிடம் ஒரு வாரம் கொடுங்கள். நான் ஒன்றும் பொய்க்காரி இல்லை. மார்ச் மாதம் என்றேன், மார்ச்தான். நெஞ்சில் சளி, தூக்கத்தில், எரித்து இந்தக் கடலில் கரைத்தது. அவள் சாவைப் பற்றி அன்று அவனிடம் சொன்னது ஒவ்வொன்றையும் இன்று காலையோடு உண்மையாக்கிவிட்டேன். ஆண்டு மட்டும்தான் பாக்கி.